கார் ஷெட்டில் தாய்வீடு

கட்டட அனுமதிக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பிளான் இதுவரை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். கோவைக்குக் கிழக்கே இந்தப் பக்கத்து மனைப்பிரிவுகளில் ஒரு கோழிக் கூண்டு கட்டுவதென்றாலும் "சௌடேஸ்வரி மேடத்தைப் போய்ப் பாருங்க" என்றுதான் சொல்வார்கள். நாச்சிமுத்து அண்ணன் மட்டும் என்னைப் பார்க்காமல், போனிலேயே தட்டித் தானாக அனுமதி வாங்கினார். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

அவர் வீடு எனக்கு இரண்டு தெரு தள்ளி. லேத் பட்டறை வைத்து நன்றாகச் சம்பாதித்து, வயதானதும் பட்டறையை விற்றுவிட்டு உட்கார்ந்திருப்பவர். மனைவி போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. மூன்று படுக்கையறை வீட்டில் ஒற்றை ஆள். ஒரு நாள் காலையில் என் ஆபீசுக்கு வந்தார். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"அம்மிணி, என்ற கார் ஷெட்டுல ஜன்னல் நிக்க மாட்டேங்குது."

"ஷெட்டுக்கு எதுக்குங்கண்ணா ஜன்னல்?"

"காத்து வரோணுமல்ல?"

"காருக்குங்களா?"

அவரிடம் கார் இல்லை என்பது ஊருக்கே தெரியும். கண் சரியாகத் தெரியவில்லை என்று போன வருடமே விற்றுவிட்டார்.

"கட்டரை வெச்சு அறுத்து நல்லாத்தான் ஜன்னல் வெட்டுனேன். ரெண்டு நாள்ல சின்னதாப் போச்சு. நாலாம் நாள் சுவரு மொழுமொழுன்னு நிக்குது. மறுபடியும் வெட்டுனேன், மறுபடியும் அதே கதை. பக்கத்து வீட்டுக்காரன் வந்து பூசீட்டுப் போறானோன்னு கேமரா வெச்சுப் பாத்துட்டேன். ஒரு ஈ காக்கா வரல."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யாரும் வரலீங்கண்ணா. சுவரே மூடிக்குது. அது உயிர்க்காரைங்க. சுண்ணாம்புல நுண்ணுயிர் கலந்திருக்குது. நீங்க வாங்குன அப்ரூவல் பிளானு அந்தச் சுவத்துக்குள்ளயே பதிஞ்சிருக்குது. பிளான்ல இல்லாத ஓட்டை விழுந்தா, நம்ம தோல்ல புண்ணு ஆர்ற மாதிரி அதுவா ஆறிக்கும்."

"கடப்பாரைல மொத்தமா இடிச்சுப் போட்டா?"

"மொத்தமா வளந்துக்கும். மாத்தறதுன்னா பிளானைத்தான் மாத்தோணும்."

அவர் அப்போதுதான் உட்கார்ந்தார்.

அவரை மட்டும் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அனுமதிக்கு ஒரு பிளான், கட்டுவதற்கு ஒரு பிளான் என்பது எங்கள் ஊரில் தாத்தா காலத்துப் பழக்கம். வாகன நிறுத்தம் என்று காட்டிய இடத்தில் கடை வரும். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி என்று காட்டிய இடத்தில் மாமனார் குடியிருப்பார். அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்து, அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் கொத்தனாரைக் கூப்பிடுவோம். பிறகு ஒரு நாள், இரண்டு மாடிக்கு அனுமதி வாங்கி ஐந்து மாடி எழுப்பிய ஒரு கட்டடம் பட்டப்பகலில் உட்கார்ந்துவிட்டது. உள்ளே குடும்பம் குடும்பமாக ஆட்கள். அதற்கப்புறம் வந்ததுதான் உயிர்க்காரைச் சட்டம். புதிதாகக் கட்டுகிறவர்கள் அதிலேயே கட்ட வேண்டும், பழைய வீட்டுக்காரர்கள் அதையே பூச வேண்டும். என்னைக் கேட்டால் நல்ல சட்டம் என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். அந்த இடிபாட்டைப் போய்ப் பார்த்தவள் நான். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

"சரிங்கண்ணா, உள்ள யாரு இருக்கறாங்க?"

"என்ற மக" என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அன்றைக்கே போய்ப் பார்த்தேன். வீட்டுக்குப் பின்னால், காம்பவுண்டு சுவரிலிருந்து மூன்றடி தள்ளி, விதிப்படி பத்தடி உயரத்துக்கு மேல் போகாமல், இரண்டு கார் நிற்கிற அளவில் லட்சணமாகத்தான் நின்றது ஷெட். முன்னால் ஒரு இரும்பு ஷட்டர். மேலே புகை போக ஒரு சின்ன துவாரம். உள்ளே ஒரு கட்டில், ஒரு டேபிள் ஃபேன், ஏழு மாத வயிற்றோடு அவர் மகள் இளவேனில். வேனில் என்றுதான் கூப்பிடுவோம். ஷட்டரை முழுக்கத் தூக்கினால் தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று பாதி இறக்கி வைத்திருந்தாள். உள்ளே நின்ற கொஞ்ச நேரத்திலேயே என் ஜாக்கெட் நனைந்துவிட்டது.

"வாங்க்கா. ஜன்னல் பாக்க வந்தீங்களா? சீக்கிரம் பாத்துக்குங்க, சாயந்திரம் இருக்காது" என்றாள்.

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு கை நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. அதன் ஓரங்கள் ஈரமாக, வெள்ளையாக உள்ளே வளர்ந்து வந்துகொண்டிருந்தன. அவள் அந்த ஓட்டைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துத்தான் படுத்திருந்தாள். தொழில்நுட்பம் என்று நான் இத்தனை வருடம் மெச்சிக்கொண்டிருந்தது இதைத்தான்.

"வீட்டுக்குள்ள அத்தனை ரூம் சும்மா கெடக்குதே கண்ணு?"

அவள் சொன்னாள். அவள் கல்யாணம் பதிவாளர் ஆபீசில் நடந்தது. மாப்பிள்ளை அருளப்பன், சரக்குக் கப்பலில் மெக்கானிக். வேறு சாதி, வேறு மதம், இரண்டும் சேர்ந்துகொண்டது. செய்தி வந்தபோது நாச்சிமுத்து அண்ணன் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்தில் பந்தியில் இருந்தார். நாலு பேர் வாயைக் கிளற, இலையை மடித்துவிட்டு எழுந்து, இனி அவள் என் வீட்டு வாசப்படி மிதிக்கக்கூடாது என்று அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டார்.

"அப்பறம் எப்படி இங்க?"

"அவரேதானுங்க்கா போன் பண்ணுனாரு. தலைப்பிரசவத்துக்குப் பொம்பளைப்புள்ள தாய்வீட்டுல இருக்கோணும், உங்கம்மா இருந்திருந்தா கூப்பிட்டிருப்பா, வா அப்டின்னாரு. நான் நெசமாலுமே சந்தோசமா வந்தேன். ஆட்டோ முன்வாசல்ல நின்னுச்சு. பின்னால போ அம்மிணின்னு கையக் காட்டுனாரு."

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்க முயன்றாள். எனக்கு வந்த கோபத்தில் அந்த ஷட்டரையே பிய்த்திருப்பேன்.

பெற்ற பாசம் ஒரு பக்கம், சொன்ன சொல் ஒரு பக்கம். இரண்டையும் காப்பாற்ற அந்த மனுஷன் கண்டுபிடித்த வழி கார் ஷெட். பழைய காலமாக இருந்தால் அது நடந்தும் இருக்கும். அனுமதி வந்ததும் ஜன்னல் வைத்து, குளியலறை இழுத்து, அடுப்படி போட்டு, பேரப்பிள்ளை பிறப்பதற்குள் வீடாக்கியிருப்பார். உயிர்க்காரைக்குச் சொன்ன சொல்லும் தெரியாது, பாசமும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பிளான்.

அவர் அப்போது சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். உள்ளே வரவில்லை. ஷட்டருக்கு வெளியே குனிந்து கேரியரை நகர்த்தி வைத்தார்.

"என்ன அம்மிணி, வழி இருக்குதா?"

"இருக்குதுங்கண்ணா" என்றேன். எனக்கா வழி தெரியாது? வருகிற வழியிலேயே விதிகளை மனதில் புரட்டிவிட்டிருந்தேன். "வண்டி நிறுத்தற ஷெட்டுக்குத்தான் ஜன்னல் கூடாது. மாட்டுக் கொட்டகைன்னு மாத்திக்கலாம். மாட்டுக்குக் காத்தோட்டம் கட்டாயம். ரெண்டு பக்கம் ஜன்னல், தண்ணிக் குழாய், கழுவி விடறதுக்கு வடிகால் எல்லாம் குடுக்கோணும்னே சட்டம் சொல்லுது. சினை மாடா இருந்தா ராத்திரி பாத்துக்க ஒரு ஆளும் கூடப் படுத்துக்கலாம். நாளைக்கே பிளான் போட்டுத் தர்றேன்."

அவர் முகம் சிவந்துவிட்டது. "என்ற மகளை மாடுன்னு எழுதச் சொல்றியா?"

"காருன்னு எழுதுனது நீங்கதானுங்களே?"

உள்ளே கட்டிலிலிருந்து வேனில் சொன்னாள், "மாட்டுக்காச்சும் ஜன்னல் இருக்குதல்லங்ப்பா. எழுதிக்குங்க, எனக்கொண்ணும் இல்ல." எழுந்து உட்கார்ந்து, "ஆனா நான் இருக்க மாட்டேன். ஓட்டை மூடுனதும் கெளம்பீர்றேன். தூத்துக்குடில அவங்கம்மா ஒரே ரூம்புலதான் இருக்காங்க, ஆனா அந்த ரூம்புக்குள்ள வான்னு கூப்பிடறாங்க" என்றாள்.

டாக்டர் அவளைப் பயணமே பண்ணக்கூடாது என்று சொல்லியிருந்தார். இரத்த அழுத்தம். அது நாச்சிமுத்து அண்ணனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவள் மிரட்டவில்லை. பையை ஏற்கெனவே கட்டி வைத்திருந்தாள்.

அவரைத் தோட்டத்துப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். எனக்கு வாய் அடங்காது, இது ஊருக்கே தெரியும்.

"அண்ணா, உள்ள கூப்பிடுங்க. நாலே எட்டு. உங்க வாயால வாம்மான்னு சொன்னா முடிஞ்சுது."

"அத்தனை பேரு முன்னால சொன்ன சொல்லு அம்மிணி. நாளைக்கு ஒருத்தன் மொகத்துல முழிக்கறதா வேண்டாமா?"

"அவிங்க வந்தா புள்ளைக்கு மூச்சு விடறாங்க?"

"உனக்குத் தெரியாது."

"எனக்குச் சட்டம் தெரியும். கேளுங்க. இந்த மனைப்பிரிவுல ஒரு மனைக்கு ஒரு வீடுதான். மத்ததெல்லாம் துணைக் கட்டடம். ஆளு குடியிருக்கக் கூடாது, அடுப்படி கூடாது, கார் ஷெட்டுன்னா ஜன்னலும் கூடாது. ஆனா எது வீடு, எது துணைக் கட்டடம்னு சொல்ற உரிமை மனைக்குச் சொந்தக்காரருக்கு. அளவுக் கட்டுப்பாடு புதுசாக் கட்டறதுக்குத்தான், ஏற்கெனவே நிக்கறதுக்கு இல்ல. ஒண்ணு, பெத்த மகளை உள்ள கூப்பிடுங்க. அது முடியாதுன்னா, ஷெட்டை வீடுன்னு எழுதீட்டு, உங்க வீட்டை ஷெட்டுன்னு எழுதுங்க."

ரோசத்தைக் கிளறத்தான் சொன்னேன். அந்தப் பெரிய வீட்டை அவர் எப்படிக் கட்டினார் என்று எனக்குத் தெரியும். தேக்கு நிலையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இப்படிச் சொன்னால் மனுஷன் ஆடிப்போய், போய்த் தொலையட்டும் என்று மகளை உள்ளே கூப்பிட்டுவிடுவார் என்பது என் கணக்கு.

"எங்க ரேகை வெக்கோணும்?" என்றார்.

"என்னது?"

"எடு அம்மிணி அந்தப் பலகையை. வெக்கறேன்" என்று என் பையிலிருந்த தொடுதிரைப் பலகையைக் காட்டினார்.

"அண்ணா, வெளையாட்டுக்குச் சொன்னேன். வெச்சா அஞ்சு வருசத்துக்கு மாத்த முடியாது. உங்க வீட்டுல பூசியிருக்கறதும் அதே காரைதான். ஜன்னலெல்லாம் மூடிக்கும். அடுப்படி வடிகால் அடைச்சுக்கும். நீங்க குடியிருக்க முடியாது."

"எனக்குக் காது கேக்குது."

"எங்க போவீங்க?"

அவர் அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "மூணு ரூம்பு. ஒண்ணுல நான் படுத்துக்கறேன். ஒண்ணுல அவங்கம்மா சேலையெல்லாம் கெடக்குது. இன்னொண்ணுல ஃபேனு சுத்தி வருசக்கணக்காச்சு. இத்தனையும் வெச்சுக்கிட்டு எம்புள்ளையத் தகரத்துக்குப் பின்னால போட்டுருக்கறேன். ராத்திரி அவ இருமுனா இங்க கேக்குது" என்றார். "பட்டறைப் பக்கம் தெரிஞ்சவன் லாட்ஜு நடத்தறான். அங்க போயிக்கறேன். நீ எடு."

பலகையை எடுத்தேன். நூற்றுக்கணக்கான பேருக்கு அதே பக்கத்தைத் திறந்து காட்டியிருக்கிறேன். இந்த மனையில் எது வீடு என்று அது கேட்டது. நாச்சிமுத்து அண்ணன் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஷெட்டின் படத்தின் மேல் கட்டைவிரலை அழுத்தி வைத்தார். அனுமதி உடனே வந்துவிட்டது. நான் தயாரித்த பிளான்களில் இவ்வளவு சீக்கிரம் எதுவும் பாஸானதில்லை, ஆனால் எனக்குச் சந்தோஷப்படத் தோன்றவில்லை.

பிளானை வேனிலோடு உட்கார்ந்துதான் வரைந்தேன். முதலில் அவள் நம்பவில்லை. ரேகை வைத்த பக்கத்தைக் காட்டியதும் பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். கட்டிலுக்கு நேராக ஒரு ஜன்னல், தென்னைமரம் தெரிகிற மாதிரி இன்னொன்று, அடுப்படி கிழக்குப் பார்த்து, ஷட்டர் இருக்கும் இடத்தில் ஒழுங்கான நிலையும் கதவும் வாசற்படியும். "ஈசானி மூலைல கக்கூஸ் வந்துருச்சு, தள்ளிப் போடுங்க்கா" என்று என்னையே திருத்தினாள். கட்டி வைத்திருந்த பையை அவள் பிரித்த நேரம் எப்போது என்று நான் கவனிக்கவில்லை. அடுத்த முறை போனபோது அதிலிருந்த துணியெல்லாம் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் தெருவே வேடிக்கை பார்த்தது. ஷெட்டின் சுவர் மெல்லக் குழிந்து ஜன்னல் திறந்துகொண்டு வந்தது. பெரிய வீட்டில் ஹால் ஜன்னல் நாளுக்கு நாள் ஒடுங்கியது. கூடத்து வெளிச்சம் குறைந்ததால் பட்டப்பகலில் விளக்குப் போட்டுக்கொண்டு அவர் பேப்பர் படித்தார். சொந்தக்காரர்கள் நடைப்பயிற்சிக்கு வருகிற மாதிரி அந்தத் தெருவில் வந்து, "ஏனுங்க மாமா, வீட்டுக்கு என்னாச்சுங்க?" என்று விசாரித்தார்கள். "வீடு பின்னால இருக்குதுப்பா, இது ஷெட்டு" என்று அவர் சொன்னதை நானே காதால் கேட்டேன். விசாரித்தவர்கள் நடையைக் கட்டினார்கள். அந்தப் பழைய வாசப்படியை மகள் மிதிக்கவே இல்லை, சொன்ன சொல்லை அவர் மீறவே இல்லையே!

வேலை முடிந்த சான்று கொடுப்பதற்காக ஒரு சாயங்காலம் போனேன். வேனில் எனக்கு டீ போட்டுக் கொடுத்தாள். தென்னைமரக் காற்று நேராக உள்ளே வந்தது. நான்கு மூலையையும் அளந்துவிட்டு, குறை சொல்ல ஒன்றும் இல்லாமல், என் கையெழுத்தைப் போட்டேன். பெரிய வீட்டில் அன்றைக்குக் கடைசி ஜன்னலும் விரல் அகலத்துக்கு வந்திருந்தது.

வாசலில் நிழல் தெரிந்தது. நாச்சிமுத்து அண்ணன். கக்கத்தில் ஒரு தலையணை, கையில் ஒரு துணிப்பை. லாட்ஜுக்குக் கிளம்பிவிட்டார், சொல்லிக்கொண்டு போக வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் நகரவில்லை. புது வாசற்படிக்குக் கீழே நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மிணி."

"சொல்லுங்ப்பா."

"உள்ள வரலாமா?"

நான் டீ டம்ளரை வைத்துவிட்டேன். அந்த மனுஷன் பட்டறையில் நாற்பது பேரை வேலை வாங்கியவர். யார் வாசலிலும் கேட்டு நின்றவர் இல்லை. வேனில் உடனே வாங்க என்று சொல்லிவிடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அவருடைய மகளாயிற்றே, சொல்லவில்லை. இடுப்பில் கையை ஊன்றி மெதுவாக எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இது என்ற வீடுங்ப்பா."

"ஆமா."

"அருளு வந்தா இங்கதான் இருப்பாரு. அவருகூட ஒரே பாய்ல உக்காந்து சாப்பிடோணும். எந்திரிச்சுப் போகக்கூடாது."

அவர் தலையணையை ஒரு கக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார். தெருவில் யாரோ சைக்கிளை நிறுத்தியது எனக்குத் தெரிந்தது, அவருக்கும் தெரிந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

இத்தனை நாளில் அவர் வாயிலிருந்து அந்தப் பையன், அவன் என்பதைத் தவிர வேறு சொல் வந்து நான் கேட்டதில்லை.

"மாப்பிள்ளை எப்ப வர்றாரு?" என்றார்.

வேனில் கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, நிலையிலிருந்து கையை எடுத்து வழி விட்டாள்.

"தை மாசம். செருப்ப வெளிய விட்டுட்டு வாங்ப்பா, இப்பத்தான் கூட்டுனேன்."

அவர் செருப்பைக் கழற்றினார். அந்தப் படியில், வலது காலை எடுத்து வைத்து ஏறினார்.